பனியும் ஒரு கண்மாய்தான், மக்களே!

முதல்லயே சொல்லிடறேன், இது டூர் பதிவு இல்லை. ஆல்ப்ஸ் மலை போட்டோ எதுவும் கிடையாது. நான் பனிச்சறுக்கு ஆடினதும் இல்லை. சொந்த ஊர் பாளையம்பட்டி, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துல. எங்க ஊர்ல சறுக்குறதுக்குன்னு இருந்தது கண்மாய்க் கரை ஒண்ணுதான். சறுக்குனா டவுசர் கிழியும், வீட்டுக்குப் போனா முதுகு பழுக்கும். அவ்வளவுதான் நம்ம ஸ்கீயிங் அனுபவம் :-)

இருந்தாலும் இந்தப் பனி விஷயத்துல நான் கொஞ்சம் சத்தம் போட்டே ஆகணும். ஏன்னா ஒவ்வொரு டிசம்பர், ஜனவரியிலயும் எங்கயாவது ஒரு மலையில பனி பெய்யலைன்னு செய்தி வரும். உடனே நம்ம ஆளுங்க மூணு கோஷ்டியா பிரிஞ்சுடுவாங்க. ஆபிஸ் சாப்பாட்டு மேசையில நான் பார்த்தது இதுதான், நீங்களும் பார்த்திருப்பீங்க.

முதல் கோஷ்டி: "அச்சச்சோ, டிக்கெட் போட்டவனெல்லாம் பாவம்."

ரெண்டாவது கோஷ்டி: "பணக்காரன் சறுக்க முடியலைன்னா நமக்கென்ன? நம்ம ஊர்ல குடிக்கவே தண்ணி இல்லை."

மூணாவது கோஷ்டி, நம்ம இஞ்சினியர் கோஷ்டி: "அதான் மிஷின் இருக்கே, செயற்கையா பனி தூவிட்டுப் போறான்."

மூணு பேரும் தப்புங்கிறதுதான் இந்தப் பதிவு. மூணு பேரும் பனியைப் பார்க்குறாங்களே தவிர, அது தண்ணின்னு ஒருத்தரும் நினைக்கல.

நடந்தது என்னன்னு முதல்ல பார்த்துடுவோம்.

2022 கடைசியில ஐரோப்பாவுல புத்தாண்டுக்குக் குளிருக்குப் பதிலா வெயில் வந்தது. 2023 ஜனவரி 1-ம் தேதி சுவிட்சர்லாந்தின் டெலமோன் ஊர்ல 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிடுச்சு. நம்ம கொடைக்கானல் பகல் வெயில் மாதிரி. ஆல்ப்ஸ்ல உயரம் குறைஞ்ச மலைகள்ல பல சறுக்குத் தடங்களை மூடினாங்க. ஆடல்போடன்ல உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தப்ப சுத்தி மலை பூரா பச்சைப் புல்லு, நடுவுல மட்டும் மிஷின் தூவின பனி ஒரு வெள்ளைக் கோடு. வேட்டியை அவுத்து மலையில காயப்போட்ட மாதிரி இருந்தது அந்தப் படம். குஷ்டாட் பக்கம் ஹெலிகாப்டர்ல பனியை அள்ளிட்டு வந்து தடத்துல கொட்டினாங்க. அதுக்கு முன்னாடியே 2020 பிப்ரவரியில பிரான்ஸ்ல, பிரனீஸ் மலையில இருக்கிற சூப்பர்பானியேர்ல, சுமார் 50 டன் பனியை ஹெலிகாப்டர்ல கொண்டுவந்து கொட்டின கதையும் உண்டு.

ஐரோப்பா தூரம்னு சொல்றவங்களுக்கு நம்ம நாட்டுக் கதை. 2024 ஜனவரியில காஷ்மீர் குல்மார்க்ல பனியே இல்லை. வழக்கமா அந்த மாசம் முழங்கால் அளவு பனி கிடக்குற இடம், புல்லு காய்ஞ்சு பழுப்பா கிடந்தது. சறுக்க வந்தவங்க கோண்டோலாவுல மேல போய் மண்ணைப் பார்த்துட்டு இறங்கினாங்க. 2025-லயும் அதே கூத்து. பிப்ரவரி 22-ம் தேதி அங்க தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டைப் பனி போதலைன்னு தள்ளிவெச்சு மார்ச்லதான் நடத்தினாங்க.

சரி, இப்ப கோஷ்டிகளுக்கு வருவோம்.

முதல் கோஷ்டிக்கு

டிக்கெட் போட்டவன் பாவம்தான், இல்லைங்கல. ஆனா அவன் இழந்தது ஒரு லீவு. அடுத்த வருஷம் வேற மலைக்குப் போவான். அந்த மலைக்குக் கீழே இருக்கிறவன் எங்க போவான்?

இதையே நம்ம ஊர்ல வெச்சுப் பாருங்க. ஜூன், ஜூலை ஆச்சுன்னா குற்றாலம் சீசன். தென்மேற்குப் பருவமழை சரியில்லைன்னா பேப்பர்ல என்ன போடுவான்? "குற்றாலத்தில் சீசன் டல், சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்." எத்தனை வருஷமா இதே தலைப்பு! அருவியில விழுற தண்ணி குளிக்கிறவன் தலையோட நின்னுடுதா? அது சிற்றாறா ஓடி தென்காசிப் பக்கம் வயலுக்குப் பாய்ஞ்சு, சீவலப்பேரியில தாமிரபரணியில சேருது. எங்க அருப்புக்கோட்டைப் பக்கத்துக்குக் குடிதண்ணி வைகையில இருந்தும் தாமிரபரணியில இருந்தும் குழாய்ல வர்றதுதான். ஆக, அருவி காய்ஞ்சா ஏமாறுறது எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறவன் மட்டும் இல்லை. ஆனா மைக்கை அவன்கிட்டதான் நீட்டுறாங்க. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அவனும் "ரொம்ப ஆசையா வந்தோம் சார்"ங்கிறான். சிற்றாத்துத் தண்ணியை நம்பி நாத்துப் பாவினவன் கிட்ட யாரும் மைக் நீட்டலை.

குல்மார்க்லயும் இதேதான். 2024 ஜனவரியில படம் எல்லாம் சறுக்குக் கட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்ன டூரிஸ்ட். ஜனவரி கடைசியில, பிப்ரவரியில பனி கொட்டிச்சு. "குல்மார்க் மீண்டும் வெள்ளை"ன்னு படம் போட்டாங்க, விஷயம் முடிஞ்சது. எல்லாரும் ஹேப்பி.

முடியலைங்க. அங்கதான் விஷயமே இருக்கு. காஷ்மீர்ல டிசம்பர் 21-ல இருந்து 40 நாளைச் 'சில்லை கலான்'னு சொல்றாங்க. நம்ம அக்னி நட்சத்திரத்துக்கு நேர் எதிர். அந்த 40 நாள் குளிர்ல விழுற பனிதான் இறுகி மலையில தங்கும். சித்திரை, வைகாசி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு ஓடைக்கும் ஊத்துக்கும் வரும். அதுக்கப்புறம் வெயில் ஏறின நேரத்துல விழுறது ஈரப்பனி, சீக்கிரமே கரைஞ்சு ஓடிடும். சறுக்குறவனுக்கு ரெண்டும் பனிதான். ஆப்பிள் தோட்டக்காரனுக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை.

இது எங்க ஊர்க்காரனுக்கு உடனே புரியும். எங்களுக்கு மழை வேண்டியது புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில. கரிசக்காட்டுல பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி எல்லாமே அந்த மழையை நம்பித்தான். அப்ப ஏமாத்திட்டு, கதிர் முத்தி நிக்கிற தை மாசத்துல கொட்டினா? 2021 ஜனவரியில தென்மாவட்டங்கள்ல அதான் நடந்தது. அறுக்கப்போற நேரத்துல பெஞ்ச மழை நின்ன பயிரை அப்படியே அழுக வெச்சது. வருஷக் கணக்குல பார்த்தா மழை குறைவில்லை. சராசரி சூப்பர். நம்ம வேலையில சொல்ற மாதிரி, ரிப்போர்ட்ல எல்லாம் பச்சை, சர்வர் மட்டும் படுத்துடுச்சு.

ரெண்டாவது கோஷ்டிக்கு

"பணக்காரன் விளையாட்டு, நமக்கென்ன?" இது கேட்க நல்லா கெத்தா இருக்கு. எனக்கும் கேட்டவுடனே கை தட்டத் தோணும். கொஞ்சம் யோசிச்சா சுருதி இறங்கிடும்.

சறுக்குறவன் பணக்காரனா இருக்கலாம். அவனைக் குதிரையில ஏத்திட்டுப் போறவன் யாரு? மரச் சறுக்குவண்டியில உக்கார வெச்சுக் கயித்தைக் கட்டி இழுக்குறவன் யாரு? பூட்ஸ் வாடகைக்கு விடுறவன், வழி காட்டுறவன், டீக்கடை போட்டவன்? குல்மார்க்ல அவங்களுக்கு வருஷச் சம்பளமே அந்த ரெண்டு மூணு மாசம்தான். பனி இல்லைன்னா வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை, கூலி இல்லை, வாங்கின கடனுக்கு வட்டி மட்டும் உண்டு. இந்தக் கதையை எங்கயோ கேட்ட மாதிரி இல்லை? மழை இல்லாத வருஷம் களையெடுக்கக் கூப்பிட ஆள் வராம வாசல்லயே உக்காந்திருந்த எங்க ஊர் அக்காமாருங்க கதைதானே இது. "பணக்காரன் விளையாட்டு"ன்னு நாம எறியுற கல்லு பணக்காரன் மேல படலை, மக்களே. கயிறு இழுக்குறவன் மண்டையிலதான் விழுது.

இன்னொண்ணு. வானத்தைப் பார்த்து ஏங்குறதுல இவங்க எல்லாம் நமக்குப் பங்காளிங்க.

நம்ம பக்கம் மழை பொய்ச்சா என்ன செய்வாங்க? வீடு வீடா போய் மழைக்கஞ்சி எடுப்பாங்க. வைக்கோல்ல கொடும்பாவி கட்டித் தெருத்தெருவா இழுத்துட்டுப் போய் ஒப்பாரி வெச்சு, ஊர் எல்லையில கொளுத்துவாங்க. 2024 ஜனவரியில காஷ்மீர்ல பல ஊர்கள்ல பனிக்கும் மழைக்கும் வேண்டி நமாஸ்-எ-இஸ்திஸ்கானு தனித் தொழுகை நடத்தினாங்க. ஸ்கீக்காரங்களுக்கும் சாமி உண்டு, தெரியுமா? உல்லர்னு பழைய வடநாட்டு ஐரோப்பிய தெய்வம். அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் பிரெக்கன்ரிட்ஜ்ல 1963-ல இருந்து அவர் பேர்ல திருவிழாவே நடத்துறாங்க. பனி வேணும்னு பழைய சறுக்குக் கட்டையைப் போட்டு எரிக்கிற வழக்கமும் அந்த ஆளுங்ககிட்ட இருக்கு. ஒருத்தன் வைக்கோல் பொம்மையைக் கொளுத்துறான், ஒருத்தன் சறுக்குக் கட்டையைக் கொளுத்துறான். வெட்கத்தை விட்டுச் சொல்லணும்னா ரெண்டுமே ஒரே மனுதான்: "மேல இருந்து ஏதாவது அனுப்பு சாமி."

சறுக்குறவன்கிட்ட எனக்குப் பிடிச்சதும் இதுதான். அவன் பனி வேணும்னு கேக்குறான். தினம் காலையில எழுந்து எத்தனை செ.மீ. விழுந்திருக்குன்னு பார்க்குறான். நம்ம நகரத்து ஆளு? மழை வந்தா "ச்சே, மோசமான வானிலை"ங்கிறான். டிவியில "மிரட்டும் கனமழை, மக்கள் அவதி." ஐப்பசியில மழை பெய்யாம ஆடியிலயா பெய்யும்? மிரட்டாதுங்க, அதுதான் நமக்குச் சோறு போடுது. மழைக்குக் காத்திருக்கிற ஒரே கூட்டம் "நாளைக்கு ஸ்கூல் லீவா"ன்னு கலெக்டரைக் கேக்குற பிள்ளைங்கதான். அதுங்களாவது மனசார வேண்டுதுங்க, வாழ்க!

மூணாவது கோஷ்டிக்கு (நம்ம ஜாதி)

இதுதான் எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம். "மிஷின் இருக்கே" கோஷ்டி.

சரி, மிஷின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். பார்க்கப் பீரங்கி மாதிரி இருக்கும். தண்ணியை நுண்ணிய துளியா உடைச்சு, அழுத்தின காத்தோட சேர்த்துக் குளிர்ந்த வெளியில வீசும். கீழ விழுறதுக்குள்ள துளி உறைஞ்சு பனியாகும். ஐடியா பிரமாதம். ஆனா இதுக்கு ரெண்டு வேணும்: தண்ணி, குளிர்.

தண்ணிக் கணக்கு முதல்ல. ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் ரெண்டரை ஏக்கர் சரிவுல, 30 செ.மீ. கனத்துக்குச் செயற்கைப் பனி போட ஏறக்குறைய 10 லட்சம் லிட்டர் தண்ணி வேணும். 10,000 லிட்டர் லாரின்னா 100 லாரி. எங்க ஊர் பிளாஸ்டிக் குடத்துல அளந்தா 65,000 குடத்துக்கு மேல. சென்னைக்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லவா? 2019-ல ஏரியெல்லாம் வறண்டு, ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்ததே, ஞாபகம் இருக்கா? 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்த ஒரு முழு ரயிலை ஆல்ப்ஸ் மலைச் சரிவுல கவுத்தா ரெண்டரை ஹெக்டேருக்குத்தான் பனி வரும். அப்ப நான் ஓஎம்ஆர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு. கம்பெனிகள்ல "தண்ணி இல்லை, வீட்டுல இருந்தே வேலை பாருங்க"ன்னு அனுப்பினாங்க. வீட்டுல மட்டும் என்ன, பாலாறா ஓடுச்சு?

நியாயமா ஒண்ணு சொல்லணும். மிஷின் பனியும் கடைசியில கரைஞ்சு மண்ணுக்கும் ஆத்துக்கும்தான் வரும். பெரும்பகுதி திரும்பிடும். அதனால "தண்ணியைத் திருடிட்டான்"னு நான் சொல்ல வரலை. எடுக்குற நேரம்தான் வில்லங்கம். மலையில ஓடை மெலிஞ்சு ஓடுற குளிர்காலத்துல எடுக்குறான். இல்லைன்னா அதுக்குன்னே மலை மேல குளம் வெட்டுறான். பிரான்ஸ்ல லா குளூசாஸ்னு ஒரு மலை ஊரு. அங்க 1,48,000 கன மீட்டர் கொள்ளளவுல ஒரு நீர்த்தேக்கம் கட்டத் திட்டம் போட்டாங்க. அதுல சுமார் மூணுல ரெண்டு பங்கு பனி தூவுறதுக்கு. ஊர்க்காரங்கள்ல ஒரு பகுதியும் சூழல் ஆர்வலர்களும் காட்டுக்குள்ள குடிசை போட்டு உக்காந்துட்டாங்க. 2022 அக்டோபர்ல கோர்ட்டு அனுமதியை நிறுத்திவெச்சது. தண்ணிக்குச் சண்டை நம்ம தெருக்குழாய்ல மட்டும் இல்லைங்க.

அடுத்து குளிர்க் கணக்கு. இதைத்தான் யாரும் சொல்றதில்லை. மிஷின் ஓட வெளியில காத்து குளிரா இருக்கணும். காத்துல இருக்கிற ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரிக்குப் போனாத்தான் துளி ஒழுங்கா உறையும். 2022 கடைசியில சூடு ஏறினப்ப பல இடத்துல மிஷின் இருந்தும் ஓட்ட முடியலை. புரியுதா? பனி ஏன் பெய்யலை? சூடு. மிஷின் ஏன் ஓடலை? அதே சூடு. நம்ம பூமியை 'வானம் பார்த்த பூமி'ன்னு சொல்வோம். அந்த மிஷினும் வானம் பார்த்த மிஷின்தான். கோடி ரூபா போட்டு வாங்கினாலும் கடைசியில அண்ணாந்து பார்த்துக்கிட்டுத்தான் நிக்கணும்.

2023-ல ஐரோப்பாவின் 2,234 சறுக்கு மையங்களை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. பூமி 2 டிகிரி சூடானா, மிஷின் இல்லாம பார்த்தா 53 சதவீத மையங்களுக்குப் பனித் தட்டுப்பாட்டு ஆபத்து மிக அதிகம். 4 டிகிரி சூடானா 98 சதவீதம். தடத்துல பாதிக்கு மிஷின் பனி போட்டாலும் முறையே 27, 71 சதவீதம். அதாவது மிஷின் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்க வைக்கும். அவ்வளவுதான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கை ஏறக்குறைய முழுக்க மிஷின் பனியில நடத்திக் காட்டினாங்கன்னு பெருமையா சொல்றவங்களுக்கு: ரெண்டு வாரப் பந்தயத்துக்குச் சரி. ஆத்தை அப்படி ஓட வைக்க முடியுமா?

நம்ம ஊர்லயும் இந்த மோகம் உண்டு. 1980-கள்லயும் 1993-94-லயும் தமிழ்நாட்டுல செயற்கை மழைக்கு விமானம் விட்டுப் பார்த்தாங்க. 2025 அக்டோபர்ல டெல்லியில புகையைக் கழுவ மேகத்துல மருந்து தூவினாங்க. மேகத்துல ஈரம் போதலை, சொல்லிக்கிற மாதிரி மழை வரலை. மேகமே இல்லாத வானத்துல எதைத் தூவி என்ன பண்ண?

அப்ப என்னதான் சொல்ல வர்றே?

இதைத்தான்: பனி ஒரு கண்மாய்.

எங்க பக்கம் வருஷத்துக்குப் பெய்யுற மழை சுமார் 800 மி.மீ. அதுல பெரும்பங்கு ரெண்டு மூணு மாசத்துல வந்துட்டுப் போயிடும். திருச்சுழி வழியா போற குண்டாறு வருஷத்துல பாதி நாளுக்கு மேல மணல்தான். அதனால நம்ம முன்னோர் என்ன பண்ணாங்க? வரத்துக்கால் வெட்டி, கரை கட்டி, மடை வெச்சு, கலுங்கு வெச்சு, ஒரு கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சா அடுத்த கண்மாய்க்குப் போற மாதிரி சங்கிலியா கோத்தாங்க. தமிழ்நாட்டுல இப்படி சுமார் 39,000 ஏரி, கண்மாய் கணக்குல இருக்கு. ஐப்பசியில வந்த தண்ணியை மாசி வரைக்கும் கொண்டுபோற ஏற்பாடு. நம்ம பாஷையில பஃபர்.

மலையில அதே வேலையை யாரும் கரை கட்டாமலே பனி செய்யுது. தையில விழுந்ததைத் தேக்கி வெச்சுச் சித்திரை, வைகாசியில மடையைத் திறக்குது. பனி குறைஞ்சா, பனிக்குப் பதிலா மழையா பெஞ்சா, அந்தக் கண்மாய் கரை உடைஞ்ச மாதிரி. தண்ணி மொத்தமா குளிர்காலத்துலயே ஓடிடும், கோடையில மடை காயும்.

சும்மா உவமைக்குச் சொல்லலை. இத்தாலியில 2021-22 குளிர்காலத்துல ஆல்ப்ஸ் பக்கம் பனியும் கம்மி, மழையும் கம்மி. சறுக்குறவங்களுக்கு அது ஒரு டல் சீசன். 2022 கோடையில போ ஆறு 70 வருஷத்துல இல்லாத அளவுக்கு வத்திப்போச்சு. அந்த ஆத்துப் படுகைதான் இத்தாலியின் நெல்லுக் களஞ்சியம். ஆமாங்க, நெல்லு. நம்ம தஞ்சாவூர் மாதிரி. வயல் வெடிச்சது. ஜூலை 4-ம் தேதி வடக்கே 5 மாநிலங்கள்ல அவசரநிலை அறிவிச்சாங்க. குளிர்காலத்துல ஸ்கீக்காரன் "பனி இல்லையே"ன்னு புலம்பினப்பவே நெல்லு விதைக்கிறவனுக்கும் மணி அடிச்சாச்சு. அந்தப் புலம்பலை டூர் செய்தியா படிச்சதால யாருக்கும் காதுல விழலை.

காஷ்மீர்லயும் அதே. 2025 பிப்ரவரியில ஜீலம் ஆத்துல மட்டம் இறங்கிச்சு. அனந்தநாக் பக்கம் அச்சபல் ஊத்து, முகலாயர் காலத்துத் தோட்டத்துக்குத் தண்ணி கொடுத்த ஊத்து, வத்திப்போச்சு. அதை நம்பியிருந்த ஊர்களுக்குக் குடிதண்ணியும் நின்னது. அதே மாசம்தான் விளையாட்டைத் தள்ளிவெச்சதும். தலைப்புச் செய்தி எதுன்னு உங்களுக்கே தெரியும்.

2016-ல தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்சது. சுமார் 440 மி.மீ. வர வேண்டிய இடத்துல 168 மி.மீ. 2017 ஜனவரி 10-ம் தேதி எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. அந்த வருஷம்தான் நம்ம விவசாயிங்க டெல்லி ஜந்தர் மந்தர்ல மண்டையோட்டை வெச்சுக்கிட்டு உக்காந்தாங்க. வடநாட்டு டிவிக்கு அது ஒரு விநோதக் காட்சி. "ஏன் இப்படி நடிக்கிறாங்க"ன்னு கேட்டவனும் உண்டு. மழை இல்லைன்னா என்ன ஆகும்னு தெரியாதவனுக்கு அது நடிப்பாத்தான் தெரியும். அன்னிக்கு நமக்கு வலிச்சது இல்லையா? இன்னிக்குக் காஷ்மீர்க்காரன் பனிக்கு அழுறப்ப "டூரிஸம் போச்சுன்னு அழுறான்"னு நாம சொன்னா, நாமளும் அந்த டிவிக்காரனும் ஒண்ணுதான்.

பெருசா ஒண்ணும் கேக்கலை, பதிவுலக நண்பர்களே. எழுதுற கை நம்ம கை. அதுல ரெண்டு மூணு மாத்தம் செய்யலாம்.

ஒண்ணு: "மோசமான வானிலை", "மிரட்டும் மழை" இதெல்லாம் எழுதுறதை விடுங்க. வெள்ளம் வந்தா வெள்ளம்னு எழுதுங்க. வாய்க்காலை அடைச்சவனைத் திட்டுங்க. மழையைத் திட்டாதீங்க.

ரெண்டு: குற்றாலமோ குல்மார்க்கோ ஆல்ப்ஸோ, சீசன் எப்படின்னு எழுதினா அடியில ஒரே ஒரு வரி சேருங்க. இந்தத் தண்ணி கீழே எந்த ஊருக்குப் போகுது? அந்த ஊர்ல இப்ப நிலைமை என்ன? ஆன்சைட்ல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் சுலபம். ஸ்கீ போட்டோ போடுங்க, தாராளமா போடுங்க. அந்த மலைக்குக் கீழே ஓடுற ஆத்தையும் ஒரு போட்டோ போடுங்க.

மூணு: சொந்த ஊர்க் கண்மாய் எப்படி இருக்குன்னு லீவுக்குப் போறப்ப போய்ப் பாருங்க. எங்க பக்கம் பாதிக் கண்மாய்ல சீமைக்கருவேலம்தான் நிக்குது. அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பொழைக்கிறவங்களும் இருக்காங்க, அதனால ஒரே நாள்ல பிடுங்கி எறின்னு வீரவசனம் பேச நான் தயாரா இல்லை. ஆனா வரத்துக்கால் மேடு தட்டிப்போய், மழை பெஞ்சும் தண்ணி உள்ள வராத கண்மாய்க்கு யாரைக் குத்தம் சொல்றது? மலைமேல பனிக் கண்மாய் உடையுறதைத் தனி ஆளா நாம தடுக்க முடியாது. மண் கண்மாயைக் காப்பாத்தலாமே. வானம் அனுப்புறது கூடக் குறைய வரப்போற காலத்துல, வந்ததைப் பிடிச்சு வெக்கிறவன்தான் பொழைப்பான். மார்கழிப் பனி ஈரத்துலயே மல்லியும் கொண்டைக்கடலையும் விளையுற கரிசல் மண்ணு எங்களுது. சொட்டு ஈரத்தையும் விடாம பிடிச்சு வெக்கத் தெரிஞ்ச மண்ணு. அதுக்கு இருக்கிற புத்தி அதுக்கு மேல நடக்குற நமக்கும் கொஞ்சம் வேணும்.

அடுத்த தடவை எவனாவது "ஆல்ப்ஸ்ல பனி இல்லையாம், ஸ்கீக்காரன் அழுறான்"னு சிரிச்சுக்கிட்டே வந்தா, பதிலுக்குச் சிரிக்காதீங்க. "கீழே எந்த ஆறு?"ன்னு கேளுங்க. பதில் தெரியாம முழிப்பான். அப்புறம் பேச்சு தானா சரியான பக்கம் திரும்பும்.

டிஸ்கி 1: ஸ்கீ ஆடுறவங்க யாரும் கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் எங்க ஊர் அய்யனார்கிட்ட வேண்டியிருக்கேன். ஆனா அவருக்குப் பனி டிபார்ட்மெண்ட் கிடையாது, மழை மட்டும்தான் :-)

டிஸ்கி 2: "பதிவு நீளம்"னு சொல்றவங்களுக்கு: எங்க ஊர்ல மழைக்குக் காத்திருக்கிறதை விட இது சின்னதுதான்.